ஊடக முதுகலையில் சேரும் முன் கிரெடிட் அட்டவணையைப் பாருங்கள்

ஊடகம், தொடர்பியல் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். சேர்க்கை நேரத்தில் விசாரிக்க வருகிறவர்கள் ஸ்டுடியோ இருக்கிறதா, என்ன கேமரா தருவார்கள் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கடைசி செமஸ்டரில் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போவது ஆய்வேடு. அதைப் பற்றி விசாரிப்பவர்கள் மிகக் குறைவு.

முதலில் கணக்கு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், இரண்டாண்டு முதுகலைக்கு 120. ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, எழுத்து எல்லாம் இதில் அடக்கம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கு 180 கிரெடிட். ஆனால் அங்கே ஒரு கிரெடிட் 10 மணி நேரம்தான். எண்ணை மட்டும் பார்த்து 180 பெரியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்: அது 1800 மணி நேரம், ஐரோப்பாவின் இரண்டாண்டு 120 கிரெடிட் குறைந்தது 3000 மணி நேரம்.

தொடக்கத்தில் கோட்பாட்டுப் பாடங்கள் வரும். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று 1948-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஹெரால்ட் லாஸ்வெல் கேட்ட கேள்வியை இன்றும் அங்கே சந்திப்பீர்கள். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஊடக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வும் வரும். ஊடகங்கள் எவற்றுக்கு அதிக இடம் கொடுத்தனவோ, வாக்காளர்களும் அவற்றையே முக்கியப் பிரச்சினைகளாகச் சொன்னார்கள். இதை வெறும் வரலாறாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சந்தேகத்தை எப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பயிற்சிதான் ஆய்வு முறையியல். முதுகலையின் முதுகெலும்பே இந்தப் பாடம்தான் என்பது என் உறுதியான கருத்து. ‘சமூக ஊடகம் இளைஞர்களை எப்படிப் பாதிக்கிறது’ என்று ஒரு மாணவர் தலைப்போடு வருவார். இதை ஒரு செமஸ்டரில் யாராலும் முடிக்க முடியாது. பேசிப் பேசிக் குறுக்குவோம். வெள்ளம் பற்றி ஒரு மாதத்தில் மூன்று செய்தித் தளங்களில் வந்த செய்திகளில் முதலில் பேசுபவர் யார்: அதிகாரியா, நிபுணரா, பாதிக்கப்பட்டவரா? இப்போது இது ஆய்வுக்கேள்வி.

அப்புறம் குறியீட்டுத் தாள் தயாராகும், அதாவது எந்தச் செய்தியை எந்த வகையில் சேர்ப்பது என்ற விதிகளின் பட்டியல். ஒரே செய்திகளை இருவர் தனித்தனியாகப் படித்து வகைப்படுத்த வேண்டும். இங்கேதான் சிக்கல் வெடிக்கும். வீட்டை இழந்த ஒரு மருத்துவர் நோய்ப் பரவல் பற்றிப் பேசுகிறார். அவர் நிபுணரா, பாதிக்கப்பட்டவரா? ஒருவர் இப்படியும் மற்றவர் அப்படியும் போட்டிருப்பார்கள். விதியைத் திருத்தி எழுதி, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா போன்ற அளவையால் கணக்கிடுவோம், முழுமையாக ஒத்துப்போனால் 1, 0.80-ஐத் தொட்டாலே நிம்மதி. மாணவர்களுக்கு எரிச்சல் வரும், எனக்கும் அது தெரியும். ஆனால் ஒரு செய்தியை இவ்வளவு நிதானமாகப் படிக்கும் பழக்கம் வேறெங்கும் கிடைக்காது.

விருப்பப் பாடங்கள் இடத்துக்கு இடம் மாறும்: ஊடகச் சட்டம், அரசியல் தொடர்பியல், தரவு இதழியல், மக்கள் தொடர்பு. பிடித்ததை எடுங்கள்.

இறுதியில் ஆய்வேடு. ஐரோப்பிய முறையில் பல இடங்களில் இதற்கு 30 கிரெடிட், அதாவது ஒரு முழு செமஸ்டர். சில துறைகளில் ஆய்வேட்டுக்குப் பதில் ஆவணப்படமோ பாட்காஸ்ட் தொடரோ செய்யலாம். அதோடு, எடுத்த முடிவுகளுக்குக் காரணம் சொல்லும் அறிக்கையும் எழுத வேண்டியிருக்கும். முனைவர் பட்டம் மனதில் இருந்தால் ஆய்வேட்டையே தேர்ந்தெடுங்கள்.

சரி, விண்ணப்பிக்கும் முன் என்ன கேட்கலாம்? முறையியல் பாடம் எந்த செமஸ்டரில் வருகிறது? ஆய்வேடு எழுதும் அதே செமஸ்டரில் அதையும் வைத்திருந்தால், நீச்சல் கற்றுக்கொண்டே ஆற்றைக் கடப்பது போலத்தான். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள்? இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் உண்டா, இல்லை விடுமுறையில்தான் போக வேண்டுமா? அந்தத் துறையின் பழைய ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் கிடைத்தால், ஒன்றிரண்டை எடுத்து முறையியல் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். மாணவர்களிடம் அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது விளம்பரக் கையேட்டைவிட அதில் தெளிவாகத் தெரியும்.