முன் கமானுக்கு அடியில் கட்டை வேண்டாம்

சம்பா அறுப்பில் கொள்முதல் நிலையங்களுக்கு ஓடிய லாரிகள் மாசி, பங்குனியில்தான் பட்டறைப் பக்கம் வரும். "அண்ணே, முன்பக்கம் உக்காந்துடுச்சு. அதிகச் செலவில்லாம ஏத்தி விடுங்க." மன்னார்குடி பக்கம் கமான் பட்டறை வைத்திருக்கும் நான் அடிக்கடி கேட்பது இது. கமான் என்பது வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, வண்டியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங். குறைந்த செலவில் ஏற்றலாம்தான். ஆனால் அதற்காகச் செய்கிற ஒரு வேலை எனக்குப் பயம் தருகிறது. முன் ஆக்ஸிலுக்கும் கமானுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துவிடுகிறார்கள்.

போன பங்குனியில் வேதாரண்யத்து உப்பு ஏற்றும் வண்டி ஒன்று வந்தது. வேறெங்கோ கட்டை வைத்திருந்தார்கள். பிரேக் அடித்தால் இடதுபக்கம் இழுக்கிறது என்றார் ஓட்டுநர். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கமானை ஆக்ஸிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றினேன். பட்டைகளை நடுவில் கோத்து, ஆக்ஸில் நகராமல் வைக்கும் சென்டர் போல்ட்டின் தலை தனியாகக் கையோடு வந்தது. கட்டையின் மேல்முகத்தில் பட்டை நகர்ந்து நகர்ந்து தேய்த்த பளபளப்பு, விரல் அகலத்துக்கு. அந்தப் பக்கத்து ஆக்ஸிலைப் பிடித்துக்கொண்டிருந்தது, நீளம் போதாமல் வெல்டிங் வைத்து ஒட்டிய யூ போல்ட் மட்டும்தான். காலையில் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வாய்க்கால் கரைச் சாலையில் அந்த வண்டி தினமும் ஓடியிருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னால் சாயும். சக்கரம் ஆக்ஸிலையும் சேர்த்து முறுக்கப் பார்க்கும். நடுவில் கட்டை இருந்தால் அந்த முறுக்கு நெம்புகோல் போட்டது மாதிரி கூடும். கட்டை நழுவினால் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்காது. கமானின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தில் தொங்கவிடும் சாக்கிளை நீளமாக்குவதும் சரியான வழி இல்லை. ஆக்ஸிலின் சாய்வு மாறிப்போய் ஸ்டியரிங் கனக்கும், இல்லையென்றால் வண்டி அலையும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அளந்து பாருங்கள். டயரில் காற்றைச் சரிசெய்து, காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால், உள்ளே ஒரு பட்டை உடைந்திருக்கலாம், அல்லது கமான் முனையைப் பிடிக்கும் பின் ஆணியும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் அதை மாற்றினாலே பாதி உயரம் வந்துவிடும். அப்புறம் கமானின் முன்முனையில் உள்ள பின் ஆணியிலிருந்து ஆக்ஸில் மையம் வரை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் சென்டர் போல்ட் போயிருக்கலாம்.

இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால் கமானைப் பிரித்துப் பட்டைகளுக்குப் பழைய வளைவைக் கொடுக்கலாம். புது செட் வாங்குவதில் சிறு பங்குதான் செலவாகும். ஆனால் கேஸ் நெருப்பில் ஓரிடத்தை மட்டும் சிவக்கக் காட்டி வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். எஃகு அந்த இடத்தில் பதம் இழந்து, சில லோடிலேயே மறுபடி தொங்கும், அல்லது அங்கேயே முறியும். முழுப் பட்டையையும் உலையில் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடு காட்டி எடுக்க வேண்டும். விரிசல் விட்ட பட்டையையும், உப்புத் துரு தின்று மெலிந்த பட்டையையும் வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம், புதிதாகவே போடுங்கள். உப்பு லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் கமானைக் கழுவினால் அது நீண்ட நாள் உழைக்கும்.

கூடுதலாக ஒரு பட்டை போட்டுத் தரச் சொல்பவர்களும் உண்டு. போடுவதென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போட வேண்டும். பட்டை கூடினாலும் ஆர்.சி.யில் எழுதிய எடை கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்குச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாமல் புதிது வாங்குங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. முதல் லோடு ஓடி வந்ததும் மறுபடி முறுக்க வேண்டும். பட்டைகள் படிந்து நட்டு தளர்ந்திருக்கும். சக்கர அலைன்மென்ட்டும் அன்றே பார்த்துவிடுங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்த நாட்களில் யாராவது ஹெட்லைட்டைத் தூக்கி வைத்திருப்பார்கள். வண்டி உயர்ந்ததும் அந்த வெளிச்சம் எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதனால் பட்டறைச் சுவருக்கு நேரே வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தை இறக்கி வைத்துத்தான் அனுப்புகிறேன்.