பேய் எங்கே வரும் என்று தெரிந்தும் ஏன் துள்ளுகிறோம்?

ஒக்டோபர் பிறந்தால் ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் பேய்ப்படப் பட்டியல் அனுப்பத் தொடங்கிவிடுவாள். அங்கே இலையுதிர் காலம், 31ஆம் திகதி ஹலோவீன். இங்கே வன்னியில் அது ஐப்பசி. தகரக் கூரையில் மழை, குளக்கரையில் தவளைச் சத்தம், சொல்லாமல் கொள்ளாமல் போகும் கரண்ட். பேய்ப்படத்துக்கு இதைவிடத் தோதான பருவம் கனடாவில் கிடைக்காது என்று நான் பதில் எழுதுவேன்.

இந்த முறை அந்தப் பட்டியலோடு ஒரு கேள்வியும் வந்து சேர்ந்தது. கேட்டவர் கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் ஒரு வாசகி. ‘பீட்சா’ படத்தை மூன்று தரம் பார்த்துவிட்டாராம். எந்த இடத்தில் என்ன வரும் என்பது பாடமாம். அப்படியிருந்தும் துள்ளுகிறாராம். "எனக்கு ஏதும் கோளாறா?"

கோளாறு இல்லை, தங்கச்சி. சார்ள்ஸ் டார்வினே தோற்றுப்போன விளையாட்டு இது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரியன் பாம்பு இருந்தது. நம் ஊர்க் கண்ணாடிப் புடையனுக்கு ஆபிரிக்கச் சொந்தக்காரன். அது கொத்தினாலும் அசைவதில்லை என்று முடிவெடுத்து, முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனார் டார்வின். பாம்பு கொத்தியது. மனுசன் ஒரு யார், இரண்டு யார் தூரம் பின்னால் பாய்ந்துவிட்டார். கண்ணாடி தடுக்கும் என்று தெரிந்த அறிவு கைகொடுக்கவில்லை என்று 1872இல் வெளியிட்ட நூலில் அவரே வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறார்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? காதில் விழும் சத்தம் செவிநரம்பு வழியாக மூளைக்குப் போகும் பாதை பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பாதையில் ஒரு குறுக்கொழுங்கை உண்டு என்பதைப் புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. சத்தம் ‘இது என்ன?’ என்று யோசிக்கும் மேல் மூளைக்குப் போய்ச் சேருமுன்னரே, மூளையும் முண்ணாணும் சேரும் தண்டுப் பகுதியில் இருக்கும் சில பெரிய நரம்புக்கலங்களைத் தட்டிவிடுகிறது. அவை நேரே முண்ணாண் வழியாகக் கழுத்துக்கும் தோளுக்கும் கட்டளை அனுப்புகின்றன. 1982இல் மூளை ஆய்வாளர் மைக்கேல் டேவிசும் கூட்டாளிகளும் எலிகளில் இந்தப் பாதையைக் காட்டினார்கள். சத்தம் கேட்டு 8 மில்லிசெக்கனில் எலியின் பின்னங்கால் தசை இயங்கிவிடுகிறது. மனிதரில் 30 முதல் 50 மில்லிசெக்கனுக்குள் இமை மூடத் தொடங்கும். அது பேயா, பூனையா, கதவா என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஆகவே அந்தத் துள்ளல் பயம் அல்ல. முழங்காலில் தட்டினால் கால் எழும்புவதைப்போல ஒரு தெறிவினை, அவ்வளவுதான். பயத்துக்கு வேறு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் முழுக் கதையிலும் அழகான பகுதி அதுதான்.

பழைய ரேடியோவின் சத்தக் குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டுப் பகுதியில் இருக்கும் அந்தக் கலங்களுக்கும் அப்படி ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகும் கை, மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்புப்போல இருக்கும் அமிக்டலா. 1951இல் ஓர் ஆய்வில், வெளிச்சம் எரிந்ததும் ஷொக் அடிக்கும் என்று எலிகளைப் பழக்கினார்கள். பிறகு ஒரு திடீர்ச் சத்தத்தை இருட்டில் ஒரு தரம், அந்த வெளிச்சத்தில் ஒரு தரம் கேட்க வைத்தார்கள். சத்தம் அதேதான். ஆனால் வெளிச்சத்தில் துள்ளல் பெரிதாக இருந்தது. மனிதருக்கோ பழக்கக்கூடத் தேவையில்லை, வாய்ச்சொல்லே போதும். "இந்த விளக்கு எரியும்போது ஷொக் வரலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு தரமும் ஷொக் கொடுக்காமலே சோதித்தாலும் துள்ளல் பெருக்கிறது.

இப்போது வாசகியின் கேள்விக்குத் திரும்புவோம். அடுத்த அறையில் அது நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் குமிழைத் திருகுகிறது. அறிவு தெறிவினையை அடக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தீர்கள். அது உள்ளே புகுந்து பயத்தோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது.

இருட்டும் அதே குமிழைத்தான் திருகுகிறது. இருட்டில் மனிதரின் துள்ளல் கூடுகிறது என்று 1997இல் அளந்தே காட்டினார்கள். எலியில் இது நேர்மாறு. அது இராப்பிராணி, அதனால் கடும் வெளிச்சத்தில்தான் அதற்கு நடுக்கம். எலிகள் படம் எடுத்தால் பேய் நடுமதியத்தில் வரும்!

சினிமாக்காரர்கள் இதை ஆய்வுகூடத்துக்கு முன்பே கையால் கண்டுபிடித்துவிட்டார்கள். 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ என்ற ஹொலிவூட் படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடந்து போவாள். பின்னால் காலடிச் சத்தம். அது நின்றுவிடும். பாயப்போவது எது என்று நாம் மூச்சைப் பிடித்திருக்க, சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பஸ். ஏ-9 வீதி ஓரம் நின்று பழகிய நமக்கு அந்தச் சீறலை விளக்கத் தேவையில்லை. இன்றுவரை இந்த உத்திக்கு, படத் தயாரிப்பாளரின் பெயரையும் சேர்த்து, தொழிலில் ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர். பஸ்ஸுக்கு முன்னால் வரும் அமைதிக்கும் காரணம் உண்டு. பெரிய சத்தத்துக்குக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு செக்கன் முன்னால் ஒரு சின்னச் சத்தம் விழுந்தால் துள்ளல் குறைந்துவிடும். நல்ல எடிட்டர் அந்த இடத்தில் ஓர் ஊசியைக்கூட விழவிட மாட்டார். நம்பாவிட்டால் ஏதாவது ஒரு பேய்க் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பேய் நாடக மேடைக்குப் பவுடர் பூசிய பக்கத்து வீட்டு அண்ணன்போலத் தெரியும்.

அப்படியானால் பழகிப்போகாதா? போகும். வயல்காவலில் கொளுத்தும் யானைவெடியைப் பாருங்கள். முதல் நாள் யானை காடு பாயும். சில நாள் போனால் நின்று காதை ஆட்டிவிட்டு நெல்லைத் தின்னும். வெடிக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்பதை அது கற்றுக்கொண்டது.

வெடிக்குப் பிறகு ஏதாவது நடந்திருந்தால்?

என் அம்மாவுக்குப் பேய்ப்பயம் கிடையாது. நடுச்சாமத்தில் தனியே கிணற்றடிக்குப் போய்வருவார். ஆனால் படத்தில் சத்தம் அடங்கினால் எழும்பி, "தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குப் போய்விடுவார். காற்றில் தகரக் கதவு அடித்தாலே அவருக்குத் தூக்கிவாரிப்போடும். 2009இன் போர் மாதங்களைப் பங்கருக்குள் கழித்தவருக்கு அந்தக் குமிழ் திருகியபடியே இறுகிவிட்டது. அளவுக்கு மீறிய துள்ளலை மனவடுவின் குறிகளில் ஒன்றாக மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றிப் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே எழுதிவிட்டார். நாங்கள் இன்னும் ‘பிள்ளை வெருண்டு போச்சு’ என்று நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் ஓடுகிறோம். நூல் கட்டினால் கட்டுங்கள், கையில் கிடக்கட்டும். உளவளத்துணைக்கும் அழைத்துப் போங்கள். ‘எலியைத் துள்ளவைக்க அரசாங்கக் காசா?’ என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான். அந்த எலிகள் இல்லாவிட்டால் அம்மாவின் துள்ளலைக் கோழைத்தனம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

படங்களைச் சொல்லாமல் விட்டால் மச்சாள் சண்டைக்கு வருவாள். துள்ள ஆசையென்றால் ‘பீட்சா’ (2012). இருட்டு, கையில் ஒரு டோர்ச், வேறென்ன வேண்டும்? மழை இரவுக்கு ‘ஈரம்’ (2009). அதில் தண்ணீர்தான் பேயின் வாகனம், கூரை ஒழுகும் வீடுகளில் பார்க்க வேண்டாம். ‘யாவரும் நலம்’ (2009) திடீர்ச் சத்தத்தைவிட, ரிவியில் ஓடும் நாடகம் நம் வீட்டுக் கதையாகவே இருந்தால் என்ற எண்ணத்தால் வெருட்டுகிறது. அது மேல் மூளைக்கான படம்.

எங்கள் வீட்டில் போன கிழமை ஓடியது ‘யார் நீ?’ (1966). அந்தக் காலத்து இசை மெல்ல மெல்லத்தான் ஏறும். சத்தம் சட்டென்று உச்சத்துக்குப் போகாவிட்டால் தண்டிலிருக்கும் அந்தக் கலங்கள் அசைவதில்லை. ‘நானே வருவேன்’ பாட்டு வந்தபோது மழை கூரையில் இறங்கியது. அம்மா குசினிக்குப் போகவில்லை. கால் நீட்டி இருந்து வெற்றிலை போட்டபடி, இடைவேளைக்கு முன்னமே படத்தின் முடிவை எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.