ரேடார் கன்னை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

இந்த சீசனில் முழங்கை வலியோடு என்னிடம் வந்த நான்காவது பையன் இவன். வயது பன்னிரண்டு, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பாலில் ரைட் ஃபீல்டர், அதாவது மைதானத்தின் வலது கோடியில் நிற்பவன். பள்ளிப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வலது முழங்கை லேசாக மடங்கியே இருந்தது. "கையை நல்லா நீட்டுப்பா" என்றேன். முழுசாக நீட்ட வரவில்லை. முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பக்கத்தில் அவன் அப்பா போனில் ஏதோ வீடியோவைத் தேடிக்கொண்டிருந்தார். "இதைப் பாருங்க மேடம், 66 மைல்! டீம்லயே இவனுக்குத்தான் பெஸ்ட் ஆர்ம்."

நான் நியூஜெர்சியில் பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் பேஸ்பால் பழகினேன், இப்போது அதில் பைத்தியம். அதனால்தான், மணிக்கு இத்தனை மைல் என்று ரேடார் கன் என்ற வேகமானி காட்டும் இந்த 66-ஐக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் அதைப் பேசிவிடலாம்.

2015-இல் மேஜர் லீக் என்ற உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பாலின் மைதானங்கள் எல்லாவற்றிலும், பந்தின் வேகத்தையும் ஆட்டக்காரர்களின் வேகத்தையும் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் யாங்கீஸ் அணியின் ஆரன் ஹிக்ஸ் லெஃப்ட் ஃபீல்டிலிருந்து 105.5 மைல் வேகத்தில் எறிந்து, ஹோமுக்கு (ரன் முடியும் கடைசிப் பேஸ்) ஓடிவந்த டேனி வலென்சியாவை அவுட்டாக்கினார். அபாரமான எறிதல்தான். ஆனால் அதற்குப் பிறகு, "நல்ல கை" என்றால் ஒரு எண் என்று ஆகிவிட்டது.

சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 அடி தூரத்திலிருந்து ஹோமுக்கு எறிகிறார்கள். 90 மைல் வேகத்தில் போகிற பந்துக்கு ஏறத்தாழ 1.9 விநாடி. 85 மைல் என்றால் 2 விநாடி. காற்றின் தடையைச் சேர்த்தாலும் வித்தியாசம் கொஞ்சம்தான் கூடும். மேஜர் லீக் ஆட்டக்காரர் ஒருவர் சராசரியாக விநாடிக்கு 27 அடி ஓடுகிறார். அப்படியானால் அந்த ஐந்து மைல் வேகம் உங்களுக்குச் சம்பாதித்துத் தருவது மூன்றடி சொச்சம். அதே ஆள் பந்தைப் பிடித்த பிறகு கிளவுஸுக்குள் விரல் தடுமாறி அரை விநாடி விட்டால்? பதின்மூன்று அடி போச்சு. உடம்பைத் திருப்ப ஒரு எட்டு கூடுதலாக வைத்தாலே கால் விநாடி, ஏழடி. பந்து ஹோமில் நிற்கும் கேட்சருக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒரு கஜம் விலகிப் போனால், கிளவுஸை இழுத்துக்கொண்டு வந்து ரன்னரைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இவற்றில் எதையும் ரேடார் கன் காட்டாது. பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அதற்குக் கண் திறக்கிறது.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற வீடியோ ஒன்று உண்டு. 2014 ஜூனில் அனஹைமில், ஓக்லண்டின் யோயனிஸ் செஸ்பெடஸ் லெஃப்ட் ஃபீல்டு மூலையிலிருந்து எறிந்த பந்து தரையையே தொடாமல் கேட்சர் கைக்குப் போய், ஹோவி கெண்ட்ரிக் அவுட். நானும் பல தடவை பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். ஆனால் பத்து விநாடி முன்னால் நகர்த்திப் பாருங்கள். வந்த பந்தை அவர் ஒழுங்காக எடுக்கவில்லை, தவறிப் பின்னால் உருண்டுவிட்டது. அதனால்தான் அப்படி எறிய வேண்டிவந்தது. பையனுக்கு வீடியோ காட்டுவதானால் 2001 ஏப்ரலில் ஓக்லண்டில் இச்சிரோ எறிந்ததைக் காட்டுங்கள். டெரன்ஸ் லாங் முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடுகிறார். இச்சிரோ ரைட் ஃபீல்டில் முன்னேறி வந்து, எடுத்த வேகத்திலேயே எறிகிறார். பந்து மூன்றாவது பேஸை ஒட்டித் தாழ்வாக வந்து விழ, ரன்னர் தானாக வந்து அதில் மாட்டிக்கொள்கிறார். அவர் காலைப் பாருங்கள் என்று பையனிடம் சொல்லுங்கள். கையை அப்புறம் பார்க்கலாம்.

இன்னும் சிலர் அசிஸ்ட் கணக்கோடு, அதாவது எறிந்து எத்தனை பேரை அவுட்டாக்க உதவினான் என்ற கணக்கோடு வருவார்கள். "இந்த வருஷம் ஒன்பது பேரை அவுட்டாக்கியிருக்கான்." கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகலாமா? நல்ல ஃபீல்டர் கைக்குப் பந்து போனால் இரண்டாவது ரன்னுக்கு யாரும் கிளம்ப மாட்டார்கள். ஓடாத ரன்னுக்கு ரன் அவுட் ஏது? பேஸ்பாலில் அவுட்ஃபீல்டில் (பேஸ்களுக்கு அப்பாலுள்ள பகுதி) நின்று ஒரு சீசனில் 44 அசிஸ்ட் எடுத்தவர் ஃபிலடெல்ஃபியாவின் சக் க்ளைன், 1930-இல். அவர் ஆடிய பேக்கர் பவுலில் ரைட் ஃபீல்டு சுவர் 280 அடியில் இருந்தது, அதனால் அங்கே பேஸுக்குப் பக்கத்திலேயே நிற்க முடிந்தது. பிட்ஸ்பர்க்கின் ரொபர்ட்டோ க்ளெமென்டேவைப் பாருங்கள். 12 கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது), 266 அசிஸ்ட். பள்ளி நாட்களில் போர்ட்டோ ரிக்கோவில் ஈட்டி எறிந்த கை. அவர் கைக்குப் பயந்து இரண்டாவது பேஸோடு நின்றுவிட்ட ரன்னர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அதனால் அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு ரன்னரைப் பாருங்கள். முதல் பேஸில் ஆள் இருக்கும்போது பந்து உங்கள் பையன் பக்கம் போனால், அந்த ரன்னர் இரண்டாவதைச் சுற்றி நாலு எட்டு வைத்துத் திரும்பிவிடுகிறானா? அப்படியென்றால் உங்கள் பையனுக்கு நல்ல கை. இடையில் நின்று பந்தை வாங்கி மாற்றி எறிகிற கட்-ஆஃப் ஆளின் தலை உயரத்தில் பந்து போகிறதா என்றும் பாருங்கள். அவன் எட்டவே முடியாத உயரத்தில் வில்லாக வளைத்து எறிந்து பெற்றோர்களிடம் கைதட்டல் வாங்கும் பையனால், பின்னால் இருக்கிற ரன்னர் சும்மா ஒரு பேஸ் முன்னேறிவிடுவான்.

அந்த அப்பா அப்புறம் கேட்டது: "அவன் பேட்டருக்குப் பந்து போடற பிட்சர் இல்லையே மேடம், எப்படி வலி வரும்?" வரும். மேஜர் லீக் ஆட்டக்காரர் பிரைஸ் ஹார்ப்பர் பிட்சரா? 2022 ஏப்ரலில் அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்து முழங்கையைக் கெடுத்துக்கொண்டு, அந்த சீசன் முழுக்க பேட் மட்டும் பிடித்தார். நவம்பரில் முழங்கைத் தசைநாருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை. அவர் வளர்ந்த மனிதர். பன்னிரண்டு வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு இன்னும் ஒட்டி முடியவில்லை, இழுப்பு முதலில் அங்கேதான் விழுகிறது.

11, 12 வயது பிட்சருக்கு ஒரு நாளைக்கு 85 பந்து என்று பிட்ச் ஸ்மார்ட் என்ற எறிதல் வழிகாட்டியின் விதி இருக்கிறது. கோச் எண்ணுகிறார். ரைட் ஃபீல்டர் எறிவதை எண்ண ஆளே இல்லை. ஏப்ரல் குளிரில் இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பையன், திடீரென்று உடம்பின் முழு பலத்தையும் போட்டு ஒரு பந்து எறிகிறான். வீடு திரும்பிய பிறகு ரேடார் கன்னுக்காக இன்னும் நாற்பது.

தயவுசெய்து அந்த நாற்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் சென்டர் ஃபீல்டரோடு மெதுவாக நாலைந்து பந்து எறிந்துவிட்டு நிற்கட்டும். வருடத்தில் நான்கு மாதம் எறியவே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக. பனிக்காலத்துக்கு இண்டோர் அகாடமியில் பணம் கட்டிவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஐபுப்ரோஃபென் கொடுத்து அனுப்புகிறவர்களே, வலியை மறைத்து எறியவிட்டால் அந்த எலும்பு விலகுவதுகூட அவனுக்குத் தெரியாது. உள்பக்கம் வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னால் போதும், அன்றே எறிவதை நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். "ஐஸ் வை, சரியாயிடும்" வேண்டாம்.

இந்தப் பையனுக்கு ஆறு வாரம் எறிதல் கிடையாது. முதல் நாள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "வேற எதுவுமே செய்யக் கூடாதா ஆன்ட்டி?" என்றான். தரையோடு உருட்டிவிட்ட பந்தை எடுத்து, காலைத் திருப்பி, கிளவுஸுக்குள்ளேயே பந்தின் தையல் மேல் விரல் வைத்து, எறிகிற நிலையில் அப்படியே நிற்கச் சொன்னேன். போன வாரம் கிளினிக் நடைபாதையில் செய்துகாட்டினான். இதற்கு 1.6 விநாடி எடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது 1.3. போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தது அவன் அப்பாதான்.