சிகரெட் விடுறவங்களுக்கு இங்கிலாந்துல இலவச வேப் கிட்: யாருக்கு, எப்படி

இங்கிலாந்துல இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியவே இல்ல, அதான் எழுதுறேன். சிகரெட்டை விடணும்னு நினைக்குற பெரியவங்களுக்கு இலவசமா வேப் (புகையிலை இல்லாத மின் சிகரெட்) கிட் குடுக்குற திட்டம் ஒண்ணு இருக்கு, பேரு 'ஸ்வாப் டு ஸ்டாப்'. 2023 ஏப்ரல்ல அறிவிச்சாங்க, 10 லட்சம் பேருக்கு கிட் குடுக்கணும்ங்குறது அப்போ சொன்ன இலக்கு.

ஜிபிகிட்ட, அதாவது நம்ம ஏரியா டாக்டர்கிட்ட போய் வேப் எழுதிக் குடுங்கன்னு கேட்டா கிடைக்காது. மருந்தா லைசன்ஸ் வாங்கின வேப் எதுவும் மார்க்கெட்ல இல்ல, அதனால பிரிஸ்கிரிப்ஷன்ல வராது. கவுன்சில் நடத்துற ஸ்டாப் ஸ்மோக்கிங் சர்வீஸ் வழியாத்தான் வரும். ஒரு ஏரியால கிட்டாவே குடுப்பாங்க, இன்னொரு ஏரியால வவுச்சர், சில இடத்துல வேப்பே இருக்காது, தோல்ல ஒட்டுற நிகோடின் பேட்ச், மெல்லுற நிகோடின் கம், மாத்திரை மட்டும்தான். 0300 123 1044, இது ஸ்மோக்ஃப்ரீ ஹெல்ப்லைன், இதுல போன் பண்ணா உங்க ஏரியா சர்வீஸ் எதுன்னு சொல்லிடுவாங்க.

வயசு 18 ஆகியிருக்கணும், இப்போ சிகரெட் பிடிக்குறவங்களா இருக்கணும். தம்மே அடிக்காதவங்களுக்கு இது கிடையாது, அவங்க வேப் பக்கமே போகக் கூடாது.

கிட்டை கையில குடுத்து போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுற விஷயம் இல்ல இது. அட்வைசர்னு ஒருத்தர் சில வாரத்துக்கு தொடர்ந்து பேசுவார், என்னைக் கேட்டா கிட்டை விட அவர்தான் முக்கியம். எங்க சித்தப்பா முதல் தடவை போனப்போ நானும் கூடப் போனேன், ஒரு சின்ன மெஷினைக் குடுத்து மூச்சை இழுத்து 15 செகண்ட் அடக்கி மெதுவா ஊதச் சொன்னாங்க, உடம்புல கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்குன்னு காட்டும், 24னு வந்துச்சு. 10க்கு கீழ இருந்தாத்தான் சிகரெட் பிடிக்கலன்னு எடுத்துக்குவாங்க. அடுத்த வாரம் ஊதினப்போ 3. நாப்பது வருஷமா டாக்டர் சொல்லிக் கேக்காத மனுஷன் அந்த நம்பரை ரெண்டு மூணு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தார்.

நிறைய பேர் ரெண்டு மூணு நாள்ல 'இது நமக்கு செட் ஆகல'ன்னு தூக்கிப் போடுறதுக்குக் காரணம் நிகோடின் அளவு பத்தாம இருக்குறது. சட்டப்படி ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் வரைக்கும்தான் இருக்கலாம், ரொம்ப பிடிக்குறவங்க பயந்துகிட்டு 3, 6னு எடுத்தா கை மறுபடி சிகரெட் பாக்கெட்டுக்குத்தான் போகும். அப்புறம் இழுக்குற விதம், சிகரெட் மாதிரி வெடுக்குனு இழுத்தா இருமல்தான் வரும், மெதுவா நீட்டி இழுக்கணும். புதுசா லிக்விட் ஊத்தினா பத்து நிமிஷம் ஊறவிட்டு அப்புறம் இழுங்க, இல்லன்னா கருகின நாத்தம் அடிக்கும்.

நிஜமா வேலை செய்யுமான்னு கேக்குறவங்களுக்கு: இங்கிலாந்துல 886 பேரை வச்சு நடந்த ஆய்வு ஒண்ணு 2019ல வெளியாச்சு, எல்லாருக்குமே ஆள் வச்சு ஆலோசனையும் குடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு வேப் எடுத்தவங்கள்ல 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாம இருந்தாங்க, பேட்ச், கம் மாதிரி எடுத்தவங்கள்ல 9.9 சதவீதம். எல்லாருக்கும் வேலை செய்யல, ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வேப் சுத்தமா ஆபத்தே இல்லாததுன்னு யாரும் சொல்லல, நீண்ட கால பாதிப்பு இன்னும் முழுசா தெரியாது. ஆனா புகையில இருக்குற தாரும் கார்பன் மோனாக்சைடும் இதுல இல்ல, கேன்சர் வர வைக்குறது நிகோடின் இல்ல, எரியுற புகையிலையோட புகைதான். காலைல வேப், ராத்திரி சாப்பிட்டதும் ஒரு சிகரெட்னு ரெண்டையும் ஓட்டுனா பலனே இல்ல, சிகரெட் முழுசா நிக்கணும்.

இதைத் தயவுசெஞ்சு கவனிங்க, க்ளோசபின், ஓலான்சபின் (மனநலத்துக்கு), தியோஃபிலின் (மூச்சுத் தொந்தரவுக்கு) மாதிரி மருந்து எடுக்குறவங்க சிகரெட்டை நிறுத்துறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும். புகை அந்த மருந்தை உடம்புல சீக்கிரம் கரைச்சிடும், புகை நின்னதும் அதே டோஸ் ரத்தத்துல கூடிப் போகும். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினாலும் இப்படி கூடத்தான் செய்யும். கர்ப்பமா இருக்குறவங்க மிட்வைஃப்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க, அவங்களுக்கு முதல்ல பேட்ச், கம்தான் சொல்வாங்க.

ஒரு தடவை யூஸ் பண்ணி தூக்கிப் போடுற வேப்பை 2025 ஜூன் 1லேர்ந்து விக்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க, அதனால சார்ஜ் போட்டு, ரீஃபில் பண்ற வகைதான் வாங்கணும்.

ஊருக்குப் போறவங்க இதைப் பெட்டில போட்டுடாதீங்க. இந்தியால 2019லேர்ந்து இறக்குமதி, விற்பனை, சேமிச்சு வைக்கிறது எல்லாமே தடை, சிங்கப்பூர்ல கையில வச்சிருந்தாலே குத்தம். டிக்கெட் போட்டதுமே அட்வைசர்கிட்ட சொல்லி அந்த நாளுக்கு பேட்சோ கம்மோ கேளுங்க.