குட்டி யானை எழவில்லை, ஏன்?

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காய்கறி லோடு அடிப்பதற்காகச் சொந்தமாகக் குட்டி யானை வைத்திருப்பவர். 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நேரம். தெருவில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விடலாம் என்று சாவியைத் திருகியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"மூணு வாரமா வண்டிய எடுக்கல. டீசல் ஃபுல். ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, தார்ப்பாய், டார்ச் எல்லாம் முன்னாடியே ஏத்தி வெச்சுட்டேன். ஆயுதபூஜைக்கு எலுமிச்சம்பழம்கூட வெச்சு நசுக்கினேன். ஹெட்லைட் வேற நல்லாத்தான் எரிஞ்சுது. அப்புறம் ஏன் சார் எழுந்திரிக்கல?"

பேட்டரிதான் காரணம். ஹெட்லைட் எரிந்ததை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஒரு ஹெட்லைட் பல்புக்கு சுமார் 5 ஆம்பியர் மின்னோட்டம் போதும். டீசல் என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 200 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். 'டக்' என்று கேட்டது மோட்டாருக்குள் மின்சாரத்தை அனுப்பும் சுவிட்சின் சத்தம். கதவு திறந்தது, உள்ளே போக ஆள் இல்லை.

நின்ற வண்டியில் சார்ஜ் எங்கே போனது? சில மாதங்களுக்கு முன் வண்டியில் ஜிபிஎஸ் கருவி மாட்டியதாக அவரே கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அதையும் மற்ற சில்லறை மின்செலவுகளையும் சேர்த்து 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 24 மணிநேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. மூன்று வாரத்தில் 25. பேட்டரியே 50 ஆம்பியர்-மணி என்றால் பாதி காலி. இதோடு பேட்டரி தானாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் ஏறும்.

சரி, பேட்டரிக்குள் என்ன நடக்கிறது? பள்ளியில் படித்ததுதான். ஒரு தகடு ஈயம், இன்னொரு தகடு ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன, அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் திரும்பி வருகிறது. இப்படி ஒரு தொகுப்புதான் ஓர் அறை (செல்). ஓர் அறைக்கு 2.1 வோல்ட், பேட்டரியின் ஆறு அறைக்கு 12.6. பிரான்சின் கேஸ்டன் பிளாண்டே 1859-ல் செய்து காட்டியது. அடிப்படை இன்றும் அதேதான்.

பள்ளியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஏன் ஈயம்?

தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே நெடுவரிசை, வெள்ளீயத்துக்கு நேர் கீழே காரீயம். வெளிக்கூட்டில் இரண்டுக்கும் நான்கு எலக்ட்ரான்கள். அண்ணன் தம்பி போலப் பெயர் வைத்த நம் முன்னோர் தப்பாக வைக்கவில்லை. அப்படியென்றால் வெள்ளீயத்திலும் இதே மாதிரி ஒரு பேட்டரி செய்யலாமே? முடியாது. சொல்லிக்கொள்ளும்படி வோல்ட் வராது.

வித்தியாசம் அணுக்கருவில். வெள்ளீயத்தின் கருவில் 50 புரோட்டான்கள், காரீயத்தின் கருவில் 82. கருவின் இழுப்பு கூடக்கூட, மிக உள்ளே சுற்றும் எலக்ட்ரான் விழாமல் தப்பிக்க இன்னும் வேகமாக ஓட வேண்டும். (எலக்ட்ரான் செக்குமாடு போல வட்டமடிப்பதில்லை என்று இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். படம் போட்டுக் காட்டும் வசதிக்காக விட்டுவிடுங்கள்.) எவ்வளவு வேகம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. புரோட்டான் எண்ணிக்கையை 137-ஆல் வகுத்தால், ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்று வந்துவிடும். காரீயத்துக்கு 82/137. ஒளி வேகத்தில் 60 சதவீதம். நொடிக்கு 1,80,000 கிலோமீட்டர்!

இந்த வேகத்தில் நியூட்டன் போதாது, ஐன்ஸ்டைனைக் கூப்பிட வேண்டும். அவருடைய 1905-ஆம் ஆண்டு சார்பியல் கணக்குப்படி இந்த எலக்ட்ரான் கால் பங்கு கனம் கூடியது போல நடந்துகொள்ளும். கனம் கூடினால் சுற்றுப்பாதை சுருங்கும், ஐந்தில் ஒரு பங்கு. வெள்ளீயத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 50/137, சுமார் 36 சதவீதம். கனம் ஏழு சதவீதம்தான் கூடுகிறது. தம்பி தப்பித்தான்.

உள்ளே இருக்கும் எலக்ட்ரான் சுருங்கினால் வெளியே இருப்பதற்கு என்ன வந்தது? இங்கேதான் அழகு. காரீயத்தின் வெளிக்கூட்டு நால்வரில் இருவர் '6எஸ்' வகை. இந்த எஸ் வகையினர் வீடு வெளியே கட்டியிருந்தாலும் அடிக்கடி கருவுக்குப் பக்கத்தில் வந்து போகிறவர்கள். வந்து போகும்போது அவர்களுக்கும் அந்த வேகம், அந்தக் கனம், அந்தச் சுருக்கம். விளைவாக அந்த இருவரும் கருவோடு இறுகிப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்ற இருவர் தளர்வாக இருக்கிறார்கள்.

கிணறாக நினைத்துப் பாருங்கள். வெள்ளீயத்தில் அந்த எஸ் கிணறு ஆழம் குறைவு. காரீயத்தில் சார்பியல் அதைத் தூர்வாரி ஆழமாக்கிவிட்டது. இப்போது பேட்டரிக்கு வாருங்கள். ஈய டை ஆக்சைடு தகட்டில் இருக்கும் காரீயம் நான்கு எலக்ட்ரான்களையும் ஆக்சிஜனிடம் பறிகொடுத்து நிற்கிறது. அதாவது அந்த ஆழமான கிணறு வெறுமையாக, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. எதிர்த் தகட்டில் இருக்கும் வெறும் காரீயத்திடம் தளர்வான இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு கம்பியை மாட்டியதும் அவை ஓடிவந்து கிணற்றில் விழுகின்றன. விழும் ஆழம்தான் நமக்கு வோல்ட். ஓடிவரும் வழியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றிவிட்டுப் போகின்றன.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் ராஜீவ் அஹுஜா, பின்லாந்தின் பெக்கா பியூக்கோ உள்ளிட்ட ஐவர் 2011-ல் இதைக் கணினியில் கணக்கிட்டார்கள், சார்பியலைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை. ஓர் அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியலின் கொடை என்று வந்தது. ஆறு அறைக்குக் கூட்டினால் 12 வோல்ட்டில் பத்துக்கும் மேல். ஐன்ஸ்டைன் இல்லாத உலகத்தில் குட்டி யானையின் பேட்டரி இரண்டு பென்டார்ச் செல்லுக்குக்கூடச் சமம் ஆகாது.

வேடிக்கை என்னவென்றால், குவாண்டம் இயலின் மேதை பால் டிராக் 1929-ல் ஒரு கட்டுரையில், சாதாரண வேதிவினைகளுக்குச் சார்பியல் முக்கியமில்லை என்று எழுதிவிட்டார். அது தவறு என்று பல பத்தாண்டுகள் கழித்துதான் புரிந்தது. தங்கம் மஞ்சளாக இருப்பதும் பாதரசம் திரவமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். இப்படி ஒரு கணக்கைப் போட இங்கே யாராவது பணம் கேட்டிருந்தால் "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்கு ஒதுக்காத நாடு நாம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தாரே, அவர் என்ன லாபக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்?

எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். பழத்தில் ஒரு துத்தநாக ஆணியும் செம்புக் கம்பியும் செருகினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் வரும். மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் வந்தால் அதிகம். 12 வோல்ட்டுக்கு 13 பழம் கொண்ட ஒரு சரம். 200 ஆம்பியருக்கு அந்த மாதிரி இரண்டு லட்சம் சரம். ஆக 26 லட்சம் பழம் இருந்தால் வண்டியைக் கிளப்பிவிடலாம். சக்கரத்தின் கீழே ஒன்று போதாது. 'பேட்டரியைத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும்' என்று மெக்கானிக்குகள் சொல்வதற்காவது ஒரு வரலாறு உண்டு. மரப்பெட்டியில் தார் பூசிச் செய்த காலத்தில் ஈரத்தரை வழியாக மின்சாரம் கசிந்திருக்கும். இன்றைய பிளாஸ்டிக் பெட்டியில் அது நடக்காது.

நண்பர் செய்ய வேண்டியது சுலபம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். வண்டி சில மணிநேரம் நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் நிம்மதி. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம், அப்படியே விட்டால் தகட்டில் படிந்த சல்ஃபேட் பெரிய படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அமிலமும் வேண்டாம். முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, வாசலின் தடவிவிடுங்கள்.

அவசரப் பெட்டியில் ஒரு ஜம்பர் கேபிள் சேர்த்துக்கொள்ளுங்கள், வெல்டிங் கேபிள் மாதிரித் தடிமனாக. மெல்லிசு ஒயரில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியர் போகும்போது 2 வோல்ட் வழியிலேயே காலி. சிவப்பை இரண்டு பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை செத்த வண்டியின் என்ஜின் இரும்பில். கடைசி முனையில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வந்துகொண்டிருக்கும், காற்றில் 4 சதவீதம் இருந்தாலே அது வெடிக்கும். அதனால்தான் அந்தப் பொறி தள்ளி நடக்க வேண்டும்.

இன்னொன்று. அன்று இரவு வண்டி எழாமல் போனது ஒருவகையில் நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். காற்று உறிஞ்சும் குழாய் வரை தண்ணீர் வந்திருந்தால் சாவியைத் தொடவே கூடாது. சின்ன டீசல் என்ஜினின் ஒரு சிலிண்டரில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் குழந்தைக்குப் பால் புகட்டும் ஒரு பாலாடை அளவுதான். காற்று அதற்குள் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் அதே கதிதான்.

வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றிவிடுங்கள். அதற்கு முன் ஜிபிஎஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பை முதலில் தொடாதீர்கள். ஸ்பானர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். எனக்குப் பட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது கல்யாண மோதிரம். ஒரு நொடிதான், விரலைச் சுற்றி வட்டமாகச் சுட்டுவிட்டது. மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.