புரதத்தை யாரும் உறிஞ்சவில்லை: ‘பரப்பு கவர்தல்’ சொல் விளக்கம்

டயாலிசிஸ் வடிகட்டி இரத்தப் புரதத்தை ‘உறிஞ்சுகிறது’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் நோயாளிகள் கைக்கு வரும் தமிழ்த் துண்டறிக்கைகளில் இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. படித்துவிட்டு, “மெஷின் உடம்புச் சத்தையே உறிஞ்சிடுதாமே” என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்கிறார்கள் பெரியவர்கள்.

உண்மையில் அங்கே நடப்பது அட்சார்ப்ஷன், அதாவது பரப்பு கவர்தல். அட்சார்ப்ஷன் என்ற சொல்லை 1881இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் கைசர். இலத்தீன் வேர் உறிஞ்சுவதையே குறிக்கும். ஆனால் முன்னொட்டான ‘அட்’ பொருளை மாற்றிவிடுகிறது. உள்ளே போனால் அப்சார்ப்ஷன், மேலேயே நின்றால் அட்சார்ப்ஷன்.

வடிகட்டிக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் உண்டு. ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஏறக்குறைய 200 மைக்ரோமீட்டர். இரத்தம் பட்ட சில நொடிகளிலேயே உட்சுவரில் புரதம் நானோமீட்டர் கணக்கில் படிந்துவிடும். இரத்தத்தில் மிகுதியாக உள்ள அல்புமின் என்ற புரதம் முந்திக்கொள்ளும். பிறகு பைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் அதைப் பெயர்த்துவிட்டு அங்கே அமரும். கைனினோஜன் என்ற இன்னொரு புரதம் வந்து பைப்ரினோஜனையும் பெயர்க்கும். இதை ஆராய்ந்தவர் லியோ வ்ரோமன். அவர் பெயராலேயே வ்ரோமன் விளைவு என்கிறோம். உறிஞ்சி உள்ளே போன புரதத்தை இன்னொரு புரதம் எப்படிப் பெயர்க்கும்? ரப்பர் மரத்தில் கட்டும் கிண்ணமான பால் மங்கின் உட்பக்கத்தில் ரப்பர் பால் ஏடாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, மங்கு பாலைக் குடித்துவிட்டது என்று எந்தத் தோட்டத்திலும் சொல்லமாட்டார்கள்.

அளவையும் பார்ப்போம். வடிகட்டியின் பரப்பு 1.8 சதுர மீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோகிராம் புரதம் என்று வைத்தால், படிவது 18 மில்லிகிராம். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில், ஒரு லிட்டருக்கு, அல்புமின் மட்டுமே 35 கிராமுக்குக் குறையாமல் இருப்பது இயல்பு. டயாலிசிஸில் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் குழல் சுவரின் துளை வழியே வெளியேறுவது உண்மைதான். அது வேறு கணக்கு, அதற்காகத்தான் முட்டையும் மீனும் சாப்பிடச் சொல்கிறார்கள்.

உண்மையான உறிஞ்சலும் இந்தத் துறையில் உண்டு. 1960களில் சில செயற்கை இதய வால்வுகளின் சிலிக்கோன் பந்து இரத்தக் கொழுப்பை உறிஞ்சி, உப்பி, வெடிப்பு விட்டது. அங்கே ‘உறிஞ்சல்’ என்று எழுதுங்கள், சரி. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், பந்து ஏன் உப்பியது, குழல் ஏன் உப்பவில்லை என்று மாணவருக்கு எப்படி விளக்குவது?

இலங்கைப் பாடநூல்களின் ‘புறத்துறிஞ்சல்’ இதைவிடத் தேவலை. ஆனாலும் உறிஞ்சுவது உள்ளிழுப்பது; அதைப் ‘புறத்தில்’ செய்வது தமிழ்க் காதுக்கு முரண். ‘ஒட்டுதல்’ என்கிறார்கள் சிலர். அதை, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு விட்டுவைக்க வேண்டும். பரப்பில் படிந்த பைப்ரினோஜன் உருமாறி, மறைந்திருந்த பிடியிடங்களைக் காட்டும். தட்டணு அவற்றைப் பற்றி ஒட்டும். இரத்தம் உறையத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் ஹெப்பாரின் மருந்து. இரண்டு படிக்கும் ‘ஒட்டுதல்’ என்றால் எது முதலில் நடந்தது என்பதே தெரியாது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘பரப்பு கவர்தல்’தான் என் தேர்வு. துண்டறிக்கைக்கு ‘வடிகட்டியின் பரப்பில் புரதம் படியும்’ என்றாலே போதும்.

மலாயில் இந்தக் குழப்பமே இல்லை: மேலே நிற்பது ஜெராப், உள்ளே போவது செராப். மலாய் மூலத்தை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர்கள் அந்த முதலெழுத்தைக்கூடக் கவனிக்காமல் இரண்டையும் உறிஞ்சலாக்குகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் டயாலிசிஸ் மிஸ்ஸி ஒருவரிடம் படித்துக் காட்டினால், அவரே திருத்திவிடுவார்.