ஆடிஷனுக்கு வருகிறவர்களே, தொண்டையையும் கூட்டி வாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபம். வார நாள், மாலை ஏழு மணி. தமிழ் நாடகம் ஒன்றுக்கு ஆள் தேர்வு நடந்துகொண்டிருந்தது. உச்சரிப்பைக் கவனித்துச் சொல்லக் கூப்பிட்டிருந்ததால் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். திரௌபதி வேடம் கேட்டு ஒரு பெண் வந்தார். கால் சென்டரில் எட்டு மணி நேரம் பேசிவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். வசனத்தை நன்றாகவே தொடங்கினார். கடைசி வரிசையிலிருந்து இயக்குநர், "சத்தமா வரணும்மா" என்றார். மறுபடி தொடங்கினார். "இன்னும் சத்தமா." மூன்றாவது முறை, சபையைப் பார்த்து நியாயம் கேட்கும் இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தார், பலமாகச் செருமினார், திரும்பவும் முயன்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டர்பனில் பேச்சு, குரல் சிகிச்சை செய்வது என் தொழில். உடைந்த குரலோடு என் அறைக்கு வருகிறவர்களில் ஆசிரியர்கள் உண்டு, பஜனை பாடுகிறவர்கள் உண்டு, ஊர் நாடகத்தில் நடிக்கிறவர்களும் உண்டு. சம்பளமில்லாமல், வேலை முடிந்த களைப்போடு, தமிழ் மேல் உள்ள ஆசைக்காக மேடை ஏறுகிறவர்கள் இவர்கள். அவர்களுடைய குரல் தேர்விலேயே காயப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. அவைதான் குரல் நாண்கள். பெண்களுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு, ஆண்களுக்குச் சற்று நீளம். பெண் பேசும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்று நிமிட வசனம் என்றால் 180 நொடி. மூச்சு வாங்கும் இடம், குரல் எழாத மெய்யெழுத்து எல்லாவற்றுக்கும் பாதியைக் கழித்தாலும் 18,000 மோதல்கள். கத்தும்போது ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்பு வெட்டிக் கை காய்த்துப்போனதை நம் வீடுகளில் கதையாகக் கேட்டிருக்கிறோம். குரல் நாணிலும் அதே மாதிரிக் காய்ப்புதான் விழுகிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை இல்லாமல், பேசும் விதத்தை மாற்றியே கரைத்துவிடலாம். ஒரே ஒரு அலறலில் நாணுக்குள் ரத்தம் கசிவது வேறு விஷயம். அது திடீரென்று நடக்கும், குரல் அந்த நிமிடமே போய்விடும். அப்போது பேச்சை அடியோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே நம் சமூகத்துக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலருக்கு வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதித்தான் படிக்கிறோம். அதில் தவறில்லை, அப்படியாவது தமிழ் நாவில் இருக்கிறதே என்று மகிழ்கிறவள் நான். ஆனால் ஆங்கில எழுத்தில் 'கல்'லும் 'கால்'உம் பெரும்பாலும் ஒன்றாகவே தெரியும். 'விடு', 'வீடு' இரண்டும் அப்படித்தான். எது குறில், எது நெடில் என்று தெரியாதபோது நடிகர் எல்லா உயிரையும் குட்டையாக்கி, மெய்யெழுத்தை அடித்து உச்சரிக்கிறார். நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணம் சொல்கிறது. மேடையில் குரல் தூரம் போவது அந்த இரண்டு மாத்திரையில் ஏறித்தான். மெய் தெளிவாக இருந்தால்தான் சொல் புரியும், அது உண்மை. ஆனால் அந்தத் தெளிவை நாக்கும் உதடும் கொடுக்க வேண்டும், தொண்டை கொடுக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் தாளிலும் நெடிலுக்கு எந்த அடையாளமும் இல்லை. ஒரு பென்சிலை எடுத்து நெடில் வரும் இடங்களில் மேலே கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வந்தவர்களுக்கு இந்தச் சின்ன வேலையால் மட்டுமே குரல் எவ்வளவு இளகியிருக்கிறது என்று நேரில் கண்டிருக்கிறேன்.

தலையை நிமிர்த்துவதும் கெடுதல்தான். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று எல்லோரும் மோவாயைத் தூக்குகிறார்கள். குரல்வளை மேலே ஏறி, கழுத்துத் தசை இறுகிவிடுகிறது. மோவாய் தரைக்கு இணையாக இருக்கட்டும். கடைசி வரிசையில் ஒரு ஆளைப் பார்த்து அவரிடம் பேசுங்கள். மூச்சு விலா எலும்புகளை விரிக்க வேண்டும், தோளைத் தூக்கக் கூடாது. கரும்புத் தோட்டங்களில் விடிய விடிய தெருக்கூத்து ஆடினார்கள். இந்த நாட்டில் அதை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். மைக் இல்லாத திறந்த வெளியில் ஆடிப்பாடியே பழகிய தொண்டை அவர்களுடையது. வார நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வருகிறவரிடம் அந்தத் தொண்டையைத் தேர்வு நாளன்றே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, வரிசையில் காத்திருக்கும்போது எல்லோரும் கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், முதலில் புதினா மிட்டாய். மெந்தால் குளுமையாகத் தெரியும், வலியை மறைக்கும். வலி மறைந்தால் இன்னும் கத்தத் தோன்றும். அது வேண்டாம். அடுத்து, அந்த நேரத்தில் குடிக்கும் தண்ணீர். குடிக்கும் தண்ணீர் குரல் நாணைத் தொடுவதே இல்லை. தொட்டால் புரையேறும். அது உடம்பில் சேர்ந்து நாணுக்கு ஈரம் கொடுக்கச் சில மணி நேரமாகும். அதனால் காலையிலிருந்தே குடித்துக்கொண்டு வாருங்கள். ரூய்போஸ் டீயில் கஃபீன் இல்லை, தாராளமாகக் குடிக்கலாம். பதற்றத்தில் தலை வலிக்கிறதென்று கடையில் தூள் மருந்து வாங்கிப் போடுகிறவர்கள் உறைமேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அவற்றில் சிலவற்றில் ஆஸ்பிரின் இருக்கிறது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும், அதன் விளைவு ஒரு வாரத்துக்கு மேல்கூட நீடிக்கும். கத்தும் நாளில் நாணில் ரத்தக்கசிவுக்கு அது வழிவிடலாம். இதயத்துக்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

செருமுவதும் அடி. ஒவ்வொரு செருமலும் நாணை நாணோடு அறைகிறது. அதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள். குசுகுசுவென்று பேசிக் குரலைச் சேமிக்கலாம் என்பதும் பலருக்குப் பொருந்தாது. குரலே இல்லாமல் அழுத்திக் குசுகுசுப்பதில் தொண்டை இறுகும். மெல்லிய, இயல்பான குரலே போதும்.

ஒரு பயிற்சி மட்டும் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் இதற்கு வேண்டியது ஒரு ஸ்ட்ரா. அதை உதட்டில் வைத்து, அதன் வழியாக 'ஊ' என்று மெல்ல ஒலி எழுப்புங்கள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, சைரன் போல. காற்று முழுதும் ஸ்ட்ரா வழியாகவே போக வேண்டும், மூக்கு வழியாகக் கசியக் கூடாது. அரை கிளாஸ் தண்ணீரில் நுனியை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் வைத்துக் குமிழி விட்டும் செய்யலாம். வாயில் தேங்கும் காற்றழுத்தம் நாண்கள் மிக வலுவாக மோதாமல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்ஸே இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். முறை வருவதற்கு முன் ஐந்து நிமிடம் செய்தால் போதும். காரில் உட்கார்ந்தே செய்துவிடலாம்.

ஒத்திகை முடிந்து இரவு பத்து மணிக்குக் காரமான பன்னி சாவ் (உள்ளே குடைந்து கறிக் குழம்பு நிரப்பிய ரொட்டி) சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. படுத்ததும் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைத் தொடலாம். காலையில் தொண்டை கனமாக, கரகரப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள். ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் நாடகம் கொண்டுபோகிறவர்கள் அங்கே 1,500 மீட்டருக்கு மேல் உயரம் என்பதையும் குளிர்காலக் காற்று காய்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். டர்பனின் ஈரக் காற்றில் பழகிய தொண்டை அங்கே சீக்கிரம் வறண்டுபோகும்.

தைப்பூசக் காவடி நாளெல்லாம் 'அரோகரா' சொல்லித் தொண்டை கட்டியிருக்கும் வாரத்தில் ஆடிஷன் வைக்காதீர்கள் என்று குழுக்களிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு முறை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படித் தேர்வுக்குப் போய், வேடமும் கிடைத்து, கரகரப்போடு இரண்டரை மாதம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். இஞ்சி, தேன், மஞ்சள் பால் எல்லாம் குடித்திருந்தார். அவை தொண்டைக்கு இதம் தரும், ஆனால் நாணில் இருப்பது என்னவென்று காட்டாது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். நல்ல வேளை, அவருக்கு இருந்தது காய்ப்பு மட்டும்தான். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். புகைப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுகிறவர், சளியில் ரத்தம் பார்த்தவர் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு ராஜா வேடம் கொடுத்துக் கர்ஜிக்கச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

இயக்குநர்களிடம் கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன், அண்ணன்மார்களே. வசனத்தை ஒரு வாரம் முன்பே கொடுங்கள், தமிழ் எழுத்திலும் நெடில் குறித்த ஆங்கில எழுத்திலும். அலறும் காட்சியைத் தேர்வுக்கு வைக்க வேண்டாம். ஒருவர் அழுத்தமாக நடிப்பாரா என்பது மெல்லப் பேசும் காட்சியிலேயே தெரிந்துவிடும். "சத்தமா" என்பதற்குப் பதில் "எனக்குச் சொல்லும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் உடம்பு வேறு வேறு விதமாகத்தான் பதில் சொல்கிறது.

அன்று நான் எழுந்து போய் அந்தப் பெண்ணிடம், "இன்னிக்குப் போதும்மா, வேற நாள் கேளுங்க" என்றேன். கேட்கத் தயங்கினார், வேடம் போய்விடுமோ என்ற பயம். இயக்குநர் நல்ல மனிதர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு விடுமுறை, பேச்சைக் குறைத்துக்கொண்டார். சனிக்கிழமை பென்சில் கோடு போட்ட தாளோடும் கைப்பையில் ஒரு ஸ்ட்ராவோடும் வந்தார். இயக்குநர் அதே கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். சபையில் நியாயம் கேட்கும் இடம் வந்தபோது இயக்குநர் தன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.